துடைக்கக் கூடாத வாள்

வாள் உறைக்கு வெளியே இருக்கும்போது எங்கள் பட்டறையில் யாரும் கதைக்கக் கூடாது. எச்சில் ஒரு துளி தெறித்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத துளிதான், ஆனால் சில நாளில் அந்த இடத்தில் துருப் பிடித்துவிடும். போன மாதம், புதிதாக வேலை பழக வந்த தர்சினி அதை மறந்து, வெறும் வாளுக்கு மேலே குனிந்துகொண்டு பஸ்ஸில் நடந்த ஏதோ சண்டையைச் சொல்லிச் சிரித்தாள். பேச்சு வாங்கினாள். நான் அன்று பட்டு நாடா கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தேன். தேத்தண்ணீர் நேரத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அன்ரி, நீங்கள் இவ்வளவு வருசமும் எப்பிடி வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்?"

நான் பதில் சொல்ல முதல், அவளோடு வேலை பழகும் கவின் சொல்லிவிட்டான். "ஆன்டிக்கு அது கஷ்டமே இல்ல. வாள் உறைக்குள்ள இருந்தாலும் அவங்க பேச மாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் தர்சினி கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அன்று அது வாயில் வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன கை இது. பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள்.

நான் இந்த வேலைக்குத் தேடி வந்தவள் அல்ல. பாரிஸில் சில வருடம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு லண்டன் வந்து வீட்டிலிருந்து துணி தைத்துக் கொடுத்தேன். வால்தம்ஸ்டோவில் ரயில் பாதைக்குக் கீழே ஒரு பட்டறையில் வாள்களுக்குப் பட்டுப் பை தைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லித்தான் போனேன். பை தைத்தேன். பிறகு பிடிக்கு நாடா சுற்றப் பழகினேன். பிடியின் மரத்தில் ஒட்டியிருந்த சொரசொரப்பான தோலை முதல் நாள் கண்டபோது, இது திருக்கைத் தோல் அல்லவா என்று நினைத்தேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அதுதான். மற்றதெல்லாம் புதிது. ஆனாலும் நான் அங்கேயே தங்கிவிட்டேன். காரணத்தை இப்போது சொல்லலாம். அங்கே கதைக்கக் கூடாது என்பது சட்டம். என்னைப் போல வாய் வராதவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

தர்சினி, கவின், எங்கள் பழைய முதலாளியை நீங்கள் இருவரும் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர். இளம் வயதில் யப்பானுக்குப் போய்ப் பல வருடம் தரையில் குந்தியிருந்து வாள் தீட்டப் பழகியவர். அதில் முழங்கால் இரண்டும் போய்விட்டது. படி ஏறும்போது முனகுவார். வேலை செய்யும்போது செருப்புப் போட மாட்டார். ஒரு வாள் வந்தால் முதலில் வளைவைப் பார்ப்பார், பிறகு பிடியைக் கழற்றச் சொல்லுவார். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியை நான் வால் என்று சொல்லிப் பழகிவிட்டேன். வாலில்தான் வாளின் வயது இருக்கும். அந்தத் துருவை நாங்கள் தொடுவதில்லை. நல்ல பழைய வாலில் அது பனங்கட்டி போலக் கறுத்து, தடவினால் கையில் ஒட்டாமல் இருக்கும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கிக்கொண்டு வருகிற ஆட்களைக் கண்டால் முதலாளி கதிரையில் இருந்துவிடுவார். ஒரு கிழவனின் பிறந்த நாளையே அழித்துவிட்டான் என்பார். அலகில் வரும் சிவப்புத் துரு வேறு. அது தின்னும் துரு, அதை எடுக்கத்தான் வேண்டும். ஒரே இரும்பில் ஒரு துரு சாட்சி, இன்னொரு துரு நோய். எது எது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

நான் சொல்ல வந்த வாளில் அதுதான் பிரச்சினையானது.

அதைக் கொண்டுவந்தவர் பெயர் சேகரன். ஐம்பது வயது இருக்கும். மலேசியத் தமிழர், இங்கே படிக்க வந்து, ஒரு கம்பனியில் வேலையாகி, விம்பிள்டனில் தாயோடும் மனைவி பிள்ளையோடும் இருந்தார். வாளை ஒரு பழைய பருத்திச் சேலையில் சுற்றியிருந்தார். அவிழ்த்ததும் கற்பூரமும் சந்தனமும் மணத்தன. சாமி அறையில் இருந்த பொருள் என்று எனக்கு உடனே விளங்கியது. முதலாளிக்கு அந்த மணம் விளங்கவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு சன்னலைத் திறந்தார்.

உறையும் பிடியும் இரண்டாம் உலக யுத்த காலத்து யப்பான் இராணுவத்துடையவை. நாடா இற்றுப்போய்த் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. இப்படிப்பட்டவை நிறைய வரும். அநேகமானவை யுத்தத்துக்கென்று தொழிற்சாலையில் அடித்துத் தள்ளியவை. முதலாளி அதிகம் எதிர்பார்க்காமல்தான் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தார். பிடி கழன்றது. வாலைப் பார்த்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சன்னலடிக்குப் போய்விட்டார். நாங்கள் காத்திருந்தோம். வால் பனங்கட்டி நிறத்தில் இருந்தது. ஆணிக்கு இரண்டு துளைகள் இருந்தன. அதாவது, யாரோ ஒருவருக்காக முன்னொரு காலத்தில் அந்த வாளைக் குறுக்கி, வேறு பிடிக்குப் பொருத்தியிருக்கிறார்கள். பெயர் வெட்டியிருக்கவில்லை. பல நூறு வருடப் பழையது என்று முதலாளி சொன்னார். அது யுத்தத்துக்கென்று பிறந்த வாள் அல்ல. யாரோ ஒரு குடும்பத்தின் வீட்டிலிருந்து யுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போன வாள்.

பட்டறையில் எல்லாருக்கும் சந்தோசம். அலகும் நன்றாகவே இருந்தது, ஒரு இடத்தைத் தவிர. நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, ஒரு பக்கத்தில் மட்டும், பழைய ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் ஒரு கறை. நடுவில் கறுப்பு, ஓரத்தில் சிவப்பு. முதலாளி அதைக் காட்டிவிட்டு, வாளைத் துணியால் மூடி, இது என்ன என்று கேட்டார். சேகரன் சாதாரணமாகச் சொன்னார், அது இரத்தம், தாயின் அண்ணனுடைய இரத்தம் என்று. அதை எடுப்பதற்காகத்தான் கொண்டுவந்தேன் என்றார்.

முதலாளி உள்ளே தொலைபேசி எடுக்கப் போனபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா தமிழா?"

தலையாட்டினேன். தமிழ் ஆள் என்றதும் அவருக்கு நெஞ்சில் இருந்தது எல்லாம் வந்துவிட்டது. யப்பான்காரன் காலத்தில் அவருடைய பாட்டனாரையும் மாமாவையும் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்து பாட்டனார் தனியே திரும்பி வந்தார். மகன் இல்லை. கையில் இந்த வாள் இருந்தது. அதைச் சாமி அறையில் வைத்தார். மகன் செத்த நாள் யாருக்கும் தெரியாததால் ஆடி அமாவாசையில்தான் படையல். அன்று வாளை உருவி, அந்தக் கறையை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவார்கள். பாட்டனாருக்குப் பிறகு தாய் செய்கிறார்.

"ஒரு சாவ வீட்டுல வச்சுக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம், அக்கா," என்றார். "அம்மாவுக்கு அப்புறம் நான் தொடணுமாம். எனக்கு அப்புறம் என் மக. அவ அந்த ரூம் பக்கமே போக மாட்டேங்குறா. கறை போயிட்டா இத ஏதாவது மியூசியத்துக்குக் குடுத்துடலாம்."

தாய் சம்மதித்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"பிடிக்கு நூல் மாத்தணும்னுதான் அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். பாத்தா ரெண்டு நாள் அழுவாங்க. அப்புறம் சரியாயிடும் லா."

நான் தலையாட்டினேன். எதற்கும் தலையாட்டுவது என் பழக்கம். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலாளிக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது.

வேலை தொடங்குகிற காலை வந்தது. முதலாளி கற்களைத் தண்ணீர் வாளியில் ஊறப் போட்டிருந்தார். நீங்கள் இருவரும் இப்போது நன்றாக அறிவீர்கள், கல் பட்டது பட்டதுதான். நாடாவை நான் பிழையாகச் சுற்றினால் அவிழ்த்துச் சுற்றலாம். கல் எடுத்ததை யாரும் திருப்பி வைக்க முடியாது. அவர் பலகையில் குந்தி, வாளைத் துணியில் பிடித்து, கறை மேலே வரும்படி வைத்தார். கல்லை வாளியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் ஒருதரம் புரட்டினார்.

வாள் வெறுமையாக இருந்தது. கதைக்கக் கூடாது. கதைக்காமல் இருந்தால் எனக்கு ஒரு குற்றமும் இல்லை. சேகரன்தான் வாளின் சொந்தக்காரர் போல வந்தவர், அவர் சொன்ன வேலையைத்தான் முதலாளி செய்யப்போகிறார், நான் நாடா சுற்றுகிறவள். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் விம்பிள்டனில் ஒரு மனுசி நாடா மாறி வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறா. அவவுடைய அண்ணனில் உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தப் பொட்டு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறா. அது இந்தக் கல்லுக்கும் வாளுக்கும் இடையில் இருக்கிறது.

நான் எழும்பிப் போய், மேசையில் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து வாளின் மேல் மூடினேன். அத்தனை வருடத்தில் அவர் மடியில் இருந்த வாளுக்குக் கிட்ட நான் கை கொண்டுபோனதில்லை. மூடிவிட்டு, எனக்கு இருந்த இங்கிலீஷில் சொன்னேன், தாய்க்குத் தெரியாது என்று.

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன தெரியாது என்று கேட்டார். உடைந்த சொற்களில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, புகழவும் இல்லை. கற்களை ஒவ்வொன்றாக வாளியிலிருந்து எடுத்துத் தட்டில் காயவைத்தார். இன்றைக்கு இந்த வாளில் வேலை இல்லை என்றார். பிறகு சேகரனுக்குத் தொலைபேசி எடுத்து, உங்கள் தாயாரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் சொல்லாமல் நான் தொட மாட்டேன் என்றார்.

சேகரனின் தாய் லெட்சுமி அக்கா வந்தது அடுத்த கிழமை. எழுபதைத் தாண்டிய, என்னைவிடச் சின்ன உருவம். சேலைக்கு மேலே தடித்த கோட்டும் தலையில் கம்பளித் தொப்பியும். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே முதலாளியும் வெறுங்காலோடு நிற்பதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. சேகரன் பின்னால் வந்தார். என்னைக் கடக்கும்போது மெல்லச் சொன்னார், "தமிழ்னு நம்பிச் சொன்னேன்." அது இன்றைக்கும் எனக்குள் ஒரு முள்ளாகக் கிடக்கிறது. ஆனாலும் அந்தத் துணியை நான் இன்றைக்கும் மூடத்தான் செய்வேன்.

முதலாளி அக்காவிடம் வாளைக் காட்டினார். யாரும் ஒன்றும் சொல்ல முதல் அக்கா கையை நீட்டி, சுட்டுவிரலைக் கறையின் மேல் வைத்து, எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றினார். வெறும் வாளைக் கையால் தொட்டவர்களை முதலாளி எப்படித் திட்டுவார் என்று எனக்குத் தெரியும். அன்று அவர் அசையவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக் கறையை வெகுநேரம் பார்த்தார். என்னையும் கையால் கூப்பிட்டுக் காட்டினார்.

வெறும் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்தது கண்ணாடியில் ஒன்றாக இருக்கவில்லை. முட்டை வடிவில் ஒரு ஓரம், அதன் மேல் இன்னொரு ஓரம், அதற்கு மேல் இன்னொன்று. நடுவில் உள்ளவை பெரியவை, கறுத்து ஆழமாகிப் போனவை. வெளியே சிவந்திருந்தவை சின்னவை. அக்காவின் விரல் நுனி அளவு.

முதலாளி வாளை மூடிவிட்டு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தம் இப்படி ஒரு அடையாளம் வைக்காது, இது கை வேர்வையின் உப்பு, வருடக்கணக்காக ஒரே இடத்தில் தொட்டது என்றார். அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வேறு யார் சொல்லுவது? சேகரனும் கிட்ட வந்துவிட்டார். "ரத்தம் இல்லன்னு நேரா சொல்லிடுங்க அக்கா," என்றார். "ஒரேயடியா முடிஞ்சிடும்."

ஒரேயடியாக முடிந்துவிடும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலாளி ஒரு வாளைக் கையில் எடுத்தால் முதலில் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதையே கேட்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நான் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"அக்கா, உங்கட அப்பா இதைக் கொண்டுவந்த அண்டைக்கு நீங்கள் பாத்தனீங்களோ?"

"பாத்தேனே. ஏழு வயசு எனக்கு. சாக்குல சுத்திக் கொண்டாந்தாரு. தோட்டத்து லயத்துல எல்லாரும் வந்து நின்னாங்க. அண்ணன் எங்கன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவரு ஒண்ணும் சொல்லல. கத்திய உருவிக் காட்டினாரு."

"அண்டைக்கு இந்தக் கறை இருந்ததோ?"

இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். மேலே ஒரு ரயில் போனது. அவர் மூடியிருந்த வாளைத் திரும்பிப் பார்த்தார்.

"என் மூஞ்சி தெரிஞ்சுச்சு அதுல," என்றார் கடைசியில். "ரெண்டு பல்லு விழுந்திருந்துச்சு எனக்கு. அதக்கூடப் பாத்தேன்." பிறகு என் கையைப் பிடித்தார். "அப்ப இது எப்ப வந்துச்சு?"

"தொட்டுத் தொட்டு வந்தது, அக்கா. விரல் வேர்வை."

"யாரு விரலு?"

"முதல் உங்கட அப்பாவின்ர. பிறகு உங்கட."

அவர் தன் சுட்டுவிரலை விரித்துப் பார்த்தார். அழுவார் என்று நான் நினைத்தேன். அழவில்லை. மெல்ல, எங்களுக்குச் சொல்லுவது போலவும் இல்லாமல், சொல்லத் தொடங்கினார். சில வருடம் கழித்து ஒரு ஆயுத பூசைக்கு அவருடைய தாய் குத்துவிளக்கோடு வாளையும் புளி போட்டு விளக்கப் போனாராம். தகப்பன் ஓடிவந்து கையைப் பிடித்து, துடைக்காதே என்றாராம். அந்த வாளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான்.

"அவரோட சயாமிலிருந்து வந்தவங்க எல்லாம் அண்ணன் வாந்திபேதியில போயிட்டான்னுதான் சொன்னாங்க. அப்பா மட்டும் ஒண்ணுமே சொல்லல. கத்திய வச்சாரு, தொட்டுக் கும்பிட்டாரு. நாங்களா கதை கட்டிக்கிட்டோம்."

சேகரன் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். ஒரேயடியாக முடிக்கச் சொன்னவரின் முகம் வெளிறிப் போயிருந்தது. இரத்தம் இல்லை என்று கேட்க ஆசைப்பட்டுத்தான் வந்தார். கேட்டதும், பிறந்ததிலிருந்து தெரிந்த மாமாவை அவரும் இழந்துவிட்டார்.

அக்கா முதலாளியைக் காட்டி என்னிடம் கேட்டார். "இதாலதான் எங்க அண்ணன வெட்டினாங்களா, இல்லையான்னு இவருக்குத் தெரியுமா?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். இவ்வளவு பழைய வாளை அடையாளம் கண்ட மனிதர், வளைவை வைத்துக் காலம் சொல்லுகிறவர், ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொன்னால் அந்த மனுசிக்கு ஒரு நிம்மதி. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். இது எவ்வளவு பழையது என்று இரும்பு சொல்லும், எங்கே குறுக்கினார்கள் என்று சொல்லும், யார் தொட்டார்கள் என்றுகூட இன்றைக்குச் சொல்லிவிட்டது. யாரை வெட்டியது என்று சொல்லாது. எனக்குத் தெரியாது.

"தெரியாதாம், அக்கா," என்றேன். என் வாழ்நாளில் நான் மொழிபெயர்த்த சொற்களில் பாரமானது அதுதான். தர்சினி, கவின், உங்களிடமும் வருவார்கள். எங்கள் தாத்தாவின் வாள் அரசனுடையதா, இது யாரைக் கொன்றது என்று கேட்பார்கள். முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஏதாவது சொல்லிவிடத் தோன்றும். அந்த நேரம் இந்த மனிதரை நினையுங்கள்.

அக்கா அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார். தெரியாது என்றதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு கறையை எடுக்க முடியுமா என்று அவரே கேட்டார். முதலாளி இரண்டு வழியையும் சொன்னார். சிவப்பை மட்டும் நிறுத்தி, எண்ணெய் பூசி, கறுப்பை அப்படியே விடலாம். ஆனால் இனிமேல் ஒருவரும் தொடக் கூடாது. அல்லது தீட்டலாம், முழுதாகப் போகுமா என்று சொல்ல முடியாது. எதென்றாலும் அக்கா சொல்லுவதுதான் என்றார். நான் தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அக்கா அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார். சேகரன் தாயின் முகத்தைப் பார்த்து, "இருக்கட்டும்மா, விட்டுடலாம்," என்றார். அவரா அப்படிச் சொன்னார் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லப்பா. எடுக்கச் சொல்லு," என்றார் அக்கா. "அப்பா கைய எடுக்கட்டும். எவ்வளவு நாளைக்குத்தான் அங்கேயே வச்சிருப்பாரு."

என்ன சொன்னார் என்று முதலாளி என்னைக் கேட்டார். எடுக்கட்டாம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்துக்கு என்னிடம் இங்கிலீஷ் இருக்கவில்லை.

அந்த ஆடி அமாவாசை அவர்கள் வீட்டில் வாள் இல்லாமல் கழிந்தது. முதலாளி அவசரப்படவில்லை. கல்லின் மேல் கல்லாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்லியதாக. இரும்புக்குள் இருந்து மரத்தின் ரேகை போல ஒரு ரேகை மேலே வந்தது. சிவப்புப் போனது, கறுப்பு மெலிந்தது. ஒரு நாள் பார்த்தால் கறை இருந்த இடத்தில் மேகத்தின் நிழல் போல ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. நான் நாளைக்கு அதுவும் போய்விடும் என்று நினைத்தேன். அவர் அன்றே கல்லைக் கழுவி வைத்துவிட்டார்.

வாளை எடுக்க வந்த சேகரன், அலகைப் பார்த்து முதலாளி அதைத் துணியால் மூடியதும், இன்னும் லேசாகத் தெரிகிறதே என்றார். முதலாளி சொன்னார், தெரியும்தான், அதையும் எடுக்க வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற நல்ல இரும்பையெல்லாம் அந்தப் பள்ளத்தின் ஆழத்துக்கு இறக்க வேண்டும், நம் கண்ணின் திருப்திக்காக இவ்வளவு காலம் இருந்த வாளை மெலிய வைக்க மாட்டேன். சேகரன் தாயைப் பார்த்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, முதலாளி துணியை விலக்கிச் சாய்த்துப் பிடித்த அலகைக் குனிந்து பார்த்தார். நிழலைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளி, முகம் தெரிகிற இடத்தைப் பார்த்தார். வாள் உறைக்குள் போகும்வரை ஒன்றும் சொல்லவில்லை. போனபிறகு தலைப்பை எடுத்தார்.

"அப்ப ரெண்டு பல்லு இல்ல," என்றார். "இப்ப ஒண்ணுமே இல்ல."

முதலில் சிரித்தது சேகரன்தான்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். யார் வீட்டுக்கும் போகக் கூச்சப்படுகிறவள், ஆனாலும் போனேன். விம்பிள்டனில் ரயிலால் இறங்கி, கையில் வாழைப்பழச் சீப்போடு நடந்து போனேன். வாள் மியூசியத்துக்குப் போயிருக்கவில்லை. சாமி அறையில் விளக்குக்கு முன்னால், நான் புதிதாகச் சுற்றிய பிடியோடு இருந்தது. சேகரன் கைக்குட்டையை வாயில் கட்டிக்கொண்டு, முதலாளி காட்டிக் கொடுத்தபடியே, துணியால் பிடித்து மெல்ல உருவினார். அலகில் பூசிய கராம்பு எண்ணெய் மணத்தது. அக்கா கையை நீட்டினார். சுட்டுவிரல் அந்த நிழலுக்கு நேரே போய், ஒரு நூல் இடைவெளியில் நின்றது. தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்துக் கண்ணில் ஒற்றினார். சேகரனும் அப்படியே செய்தார்.

வாள் வெறுமையாக இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பட்டறையில் இருப்பது போல இருந்தது. அங்கே அத்தனை வருடமும் நான் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று தர்சினி கேட்டாளே. கதைக்கக் கூடாத நேரம் எது என்று அந்தப் பட்டறை எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, அது என் பிறவிக் குணம். எப்போது துணியை எடுத்து மூடிவிட்டுக் கதைக்க வேண்டும் என்பதைத்தான் நான் அங்கே படித்தேன்.

சேகரன் வாளை உறைக்குள் தள்ளினார். கைகாப்புத் தட்டு உறையில் இடிக்கும் சின்னச் சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"உறையில போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சும்மா."

"அப்ப பேசலாம்."

தரையில் விரித்த பாயில் இருந்துகொண்டு, மகனையும் என்னையும் கிட்ட வரச் சொன்னார். அதுவரை அந்த வீட்டில் முனியாண்டி என்ற அந்த அண்ணன் செத்த கதை மட்டும்தான் இருந்தது.

"எங்க அண்ணன் இருக்காரே," என்று தொடங்கினார், "நல்லா விசிலடிப்பாரு."